படகு ஆட்களும் பஸ் ஆட்களும்

காவிரி எங்கள் பாலமரத்துறைக்கு வந்து சேரும்போது ஓடிக் களைத்துத்தான் வருகிறாள். மேலே ஓர் அணை, கீழே ஒரு கதவணை, இரண்டுக்கும் நடுவில் ஓட்டத்தை மறந்து ஏரி மாதிரி அகலமாகப் படுத்துக்கொள்கிறாள், அந்த அகலத்தைத் தாண்டித்தான் எங்களுக்கு விசைத்தறி வேலை, பெரிய ஆஸ்பத்திரி, பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு எல்லாம் இருந்தன, ஆகையால் டீசல் மோட்டார் வைத்த அர்த்தனாரியின் படகில் கைக்குழந்தை முதல் சினை ஆடு வரை ஏறி இறங்காத உயிர் எங்கள் ஊரில் இல்லை. அந்தப் படகு ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில் உடம்பை எடை பார்ப்பதை விட்டுவிட்டு, ஆட்களின் மனசுக்குள் கிடந்து அரிக்கிற பழைய வருத்தத்தை எடை பார்க்க ஆரம்பித்தது. ஏன் என்று கேட்காதீர்கள். மழை ஏன் பெய்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை, குடை எங்கே என்றுதான் கேட்டிருக்கிறோம்.

முதல் நடையில் மாட்டுத் தரகர் செங்கோடன் ஒருவர்தான் ஏறினார். காற்றடித்தால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒல்லி மனுஷன். அவர் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் கூடப்பிறந்த தம்பியைக் கோர்ட்டுக்கு இழுத்ததை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார், படகின் விளிம்பு தண்ணீருக்குச் சமமாக இறங்கிவிட்டது. அர்த்தனாரி அவரைக் கையைப் பிடித்துக் கரையில் இறக்கினான். அடுத்த நடையில் ஒரு கல்யாணக் கூட்டம், சீர்த்தட்டும் பித்தளை அண்டாவும் மோட்டார் சைக்கிளும் தவிலுமாக நெருக்கியடித்துக்கொண்டு ஏறியது, படகு வெற்றிலை மாதிரி மிதந்து போனது. மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் பழகியும் போய்விட்டது.

பழகிய விதத்தைச் சொல்கிறேன். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலைக்குப் படகு லேசாக ஆடும், அவ்வளவுதான், இறங்காது. பசிக்கு, கோபத்துக்கு, பொறாமைக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. 'அப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாமே' என்ற ஒரே நினைப்புக்குத்தான் அது கல்லைக் கட்டிய மாதிரி கீழே போகும். ஆகவே ஏறுகிறவர்கள் கைக்கு வேலை கொண்டுவந்தார்கள். பெண்கள் பூத்தொடுத்தார்கள், ஆண்கள் நிலக்கடலை உடைத்தார்கள், படகின் அடிப்பலகை தெரியாமல் கடலைத் தொலி கிடந்தது, வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை மூக்குப் பக்கம் உட்காரவைத்தால் அவர்கள் லேசில் பெரியவர்களின் பாரம் கொஞ்சம் ஈடுகட்டியது. எதற்கும் அசையாத கனக்காரர்கள் கதவணைச் சாலை வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் போனார்கள், அதில் போனால் அரை நாள் ஆகும், அந்த பஸ்ஸுக்குள் யாரும் யாருடனும் பேசுவதில்லை, ஆளுக்கு ஒரு ஜன்னல் கேட்பார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் "பையன் படகா, பஸ்ஸா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பஸ் என்றால் பெண்வீட்டார் காப்பியோடு நிறுத்திக்கொள்வார்கள். விஷயத்தை ஆராய வந்த ஓர் அதிகாரி தன் கருவிப் பெட்டியோடு படகில் கால் வைத்தார், கணுக்கால் நனைந்தது, எந்த ஊரில் யாரைக் கட்டிக்கொள்ளாமல் விட்டாரோ, துறையிலிருந்த இட்லிக் கடையில் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் பஸ்ஸில்தான் திரும்பினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதனால்தான் தப்பும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். செத்தவர்களின் நினைப்புதான் பாரம் என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றினார்கள், அப்பன் படம், ஆத்தா படம், இளவயதில் போன தங்கச்சி படம், எல்லாவற்றையும் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டார்கள், சுவர்களில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரிந்தது. ஆடி அமாவாசைக்குத் துறையில் எள்ளும் தண்ணியும் விட ஒரு ஆள் வரவில்லை, அன்றைக்குக் காவிரி யாரையோ எதிர்பார்த்த மாதிரி வெறுமனே கிடந்தாள். ஆனாலும் படகு லேசாகவில்லை, இன்னும் கொஞ்சம் கனத்தது. போதவில்லைபோல என்று நினைத்து, பரணில் கிடந்ததை இன்னும் உள்ளே தள்ளிவைத்தார்கள்.

அந்த இட்லிக் கடை அத்தாயியுடையது. கணவர் காய்ச்சலில் போன பிறகு இட்லிக் குண்டானை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவள் கடையில் சுடச்சுட நான்கு இட்லியைத் தின்றுவிட்டு ஏறினால், நாக்கு சுட்டுக்கொண்டே இருப்பதால் பழசு எதுவும் ஞாபகத்துக்கு வராது, படகு ஒரு விரற்கடை உயர்ந்து போகும் என்று பேர். ஊரையெல்லாம் லேசாக்கி அக்கரைக்கு அனுப்பிய அத்தாயி மட்டும் படகில் கால் வைக்க முடியாது. எங்கள் ஊரிலேயே கனத்த ஆள் அவள்தான்.

அவளுடைய பாரம் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். படகு இப்படி ஆவதற்குச் சில வருஷம் முந்தி ஒரு காலையில், மூத்தவன் தினகரன் அக்கரைத் தறிப்பட்டறைக்குப் புறப்பட்டவன், இட்லிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கடைவாசலில் நின்று "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றான். அத்தாயி அப்போது குண்டான் மூடியைத் திறந்திருந்தாள், ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, கடை நிறைய ஆள். "ம்" என்றாள், திரும்பவில்லை. அக்கரைச் சாலையில் ஒரு கரும்பு லாரி அவனை முடித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் குண்டான் மூடியைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தாள், வாசலில் யாரும் இல்லை.

இளையவள் கோகிலா. அண்ணன் போன வீட்டில் சத்தம் போடாமல் வளர்ந்து, படகு கனம் பார்க்கத் தொடங்கிய வருஷத் தை மாதத்தில் அக்கரைக்கு வாக்கப்பட்டுப் போனாள். மகள் கல்யாணத்துக்கு அத்தாயி பஸ்ஸில் போனாள். அப்புறம் ஒரு பொங்கலுக்கோ நோன்புக்கோ பஸ்ஸில் போய், வந்த பஸ்ஸிலேயே திரும்புவாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, ஆவணியில் கோகிலாவுக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் பக்கத்தில் தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் தூக்குகளில் கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு அழைத்து வரவேண்டும். நாள் குறித்தாகிவிட்டது. குறித்த நாளுக்கு முந்தின வாரம் பெய்த மழையில் கதவணைச் சாலையில் ஒரு பாலம் உட்கார்ந்துவிட்டது, பஸ் நின்றுபோனது. பஸ் ஆட்களெல்லாம் வீட்டுக்குள் முடங்கினார்கள். அத்தாயி தன் தம்பியை அனுப்புவதாக மகளுக்குப் போனில் சொன்னாள்.

"மாமன் வந்தா நான் வரமாட்டேன்" என்றாள் கோகிலா.

"ஏங் கண்ணு, நான் படகுல ஏறுனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அண்ணன் போனதுல இருந்து நீ என்னையப் பாத்ததே இல்லம்மா. எம்மேல கண்ணு இருக்கும், பாக்கறது அவனையத்தான். தாலி கட்டறப்பக்கூட நீ மண்டப வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்த. ஒரு தடவ எனக்குன்னு வா. வரலைன்னா நான் இங்கயே பெத்துக்கறேன். அப்புறம் எனக்குத் தாய்வீடுன்னு ஒண்ணு இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. ஒருத்தனைத் தொலைத்த கையோடு இன்னொருத்தியையும் தொலைக்கப் போகிறோம் என்று அத்தாயிக்குத் தெரிந்துவிட்டது. மகன் படத்தைப் பரணிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள், அரிசி எடுக்கும்போதெல்லாம் அவன் முகம் தட்டுப்பட, அதையும் எடுத்து வைக்கோல்போரில் செருகினாள். செல்லியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஏறினால் எதுவும் நினைவுக்கு வராது என்று செங்கோடன் சொன்னார், கொத்தாக வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

குறித்த நாளில் துறையில் ஊரே நின்றது. சோற்றுத் தூக்குகள் ஏறின, உறவுக்காரப் பெண்கள் ஏறினார்கள், படகு நிமிர்ந்துதான் இருந்தது. அத்தாயி மிளகாயைக் கடித்துக் கண்ணில் நீர் வழிய ஒரு காலை உள்ளே வைத்தாள். படகு உறுமிக்கொண்டு இறங்கியது. பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக, அவள் முகத்தைப் பார்க்காமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அத்தனை பேரும் இறங்கியும் படகு எழவில்லை. சோற்றுத் தூக்குகளும் அத்தாயியும் அர்த்தனாரியும் மட்டும் இருந்தார்கள், தண்ணீர் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

அத்தாயி இறங்கப் போனாள்.

"உக்காருங்கக்கா" என்றான் அர்த்தனாரி. "மத்தவங்க அடுத்த நடைக்கு வரட்டும்."

"முழுகிருச்சுன்னா?"

"முழுகுனா நாம ரெண்டு பேரும் நீந்துவம். கட்டுச்சோறு மீனுக்கு."

அர்த்தனாரியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவனை நாங்கள் மறதிக்காரன் என்று நினைத்திருந்தோம், இல்லாவிட்டால் நாள் முழுக்கப் படகில் இருக்கிற ஆள் எப்படி மூழ்காமல் இருப்பான் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அது எங்கள் அவசரம். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, எந்த நடையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எதைத் தவறவிட்டார்கள், யார் முதன்முதலாகத் தாலியோடு ஏறினார்கள், எல்லாம். அதை அவன் கைவசம் வைத்திருந்தான், தலையில் சுமக்கவில்லை. அதுவரை அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, அத்தாயியும் கேட்டதில்லை, தன் மகன் கடைசியாகப் போன படகு அவன் படகு என்பதால் அவனுக்கு இட்லி வைக்கும்போதுகூட அவள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள்.

மோட்டார் மெதுவாக முனகியது. நாங்கள் கரையில் மூச்சுவிடாமல் நின்றோம். நடு ஆற்றுக்குப் போனபோது படகு இருப்பதே தெரியவில்லை, தண்ணீரின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அலை ஏறிவிடுமென்று அர்த்தனாரி மோட்டாரை நிறுத்தினான். அசைவில்லாத தண்ணீர் பேச்சைக் கரை வரைக்கும் கொண்டுவரும், ஆகையால் அங்கே நடந்த பேச்சு எங்கள் காதில் விழுந்தது.

"அர்த்தனாரி" என்றாள் அத்தாயி. "அன்னைக்கு அவன் எங்க உக்காந்திருந்தான்?"

"மூக்குக்கிட்டதானுங்க. காலத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு. எடுறான்னு திட்டுனேன், கேக்கல."

விளிம்பில் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே வழிந்தது.

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னானுங்க."

"என்ன சொன்னான்?"

அர்த்தனாரி தயங்கினான். "சட்னில உப்பே இல்லீன்னான்."

அத்தாயி நிமிர்ந்தாள். "என்னது?"

"பொட்டலத்தப் பிரிச்சு எனக்கும் ரெண்டு இட்லி குடுத்தானுங்க. நானும் தின்னேன். உப்பு இல்லதான்."

"உப்பு இல்லையா? எஞ்சட்னிலயா? கல்லுப்பு என் கையால அள்ளிப் போட்டேன், அன்னைக்கு நடந்தது ஒண்ணொண்ணும் எனக்குத் தெரியும். வாய் நிறைய வெத்தலையக் குதப்பிக்கிட்டுத் தின்னா உனக்கு உப்புத் தெரியுமா, புளிப்புத் தெரியுமா?"

"எனக்கு வெத்தல. அவனுக்குங்க? அவனும்தான சொன்னான்?"

"அவன் நாக்கு எப்பவும் ஒறப்பு நாக்கு, உப்பு ஒரு கல் கொறஞ்சாலும் ஊரக் கூட்டுவான்! இந்தா, இதத் தின்னு பாரு!" புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து ஒரு கை அள்ளி அவன் உள்ளங்கையில் அப்பினாள். "உப்பு இருக்கா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லு!"

அர்த்தனாரி நிதானமாக மென்றான். "இருக்குதுங்க" என்றான். "நல்லாருக்குது. கடலப்பருப்பு இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்."

அத்தாயி அவனை முறைத்தாள். முறைத்தவளுக்கு, என்னமோ, சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அவள் சிரித்த சத்தம் தண்ணீர் மேல் நடந்து கரைக்கு வந்தது, எங்களில் பலருக்கு அது யார் சிரிப்பு என்று பிடிபடவில்லை. அப்போதுதான் படகின் பக்கப்பலகையில் ஈரக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேல் ஒரு சாண் காய்ந்த பலகை இருந்தது.

"திரும்பிப் பாத்தானா?" என்று கடைசியில் அவள் கேட்டாள். அத்தனை வருஷமும் அவளைக் கீழே இழுத்தது இந்தக் கேள்விதான் என்று எங்களுக்குத் தெரியும். அவன் கரையைப் பார்த்துக்கொண்டே போயிருப்பான், அம்மா வாசலுக்கு வருவாள் வருவாள் என்று கழுத்து வலிக்கப் பார்த்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இல்லீங்கக்கா. ஒரு தடவகூடப் பாக்கல. அக்கரைல ஒரு கொக்குக் கூட்டம் எறங்குச்சு, வெள்ள வெளேர்னு. அதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இட்லியத் தின்னுக்கிட்டுப் போனான். அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. உப்புத்தான்."

அத்தாயி அழுதாள். மகன் போன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை, அன்றைக்குத் தன்னைத் தானே சபிக்கவே நேரம் போதவில்லை, அவனுக்காக அழ இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். போச்சு என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது மோட்டார் மறுபடி முனக, படகு வெற்றிலை மாதிரி அக்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அழுகைக்கு எடை இல்லை என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கே பரண்களில் ஏணி சாத்தப்பட்டது. சுற்றி வைத்திருந்த சேலைகளைப் பிரித்து, அப்பனையும் ஆத்தாவையும் தூசி தட்டி அவரவர் வெள்ளைத் தழும்பில் மாட்டினோம், அடுத்த ஆடி அமாவாசைக்குத் துறையில் கால் வைக்க இடமில்லை. செங்கோடன் தம்பி வீட்டுக்குப் படகில் போனார். போகும்போது லேசாக அமிழ்ந்துதான் போனார், இருந்தாலும் போய்ச் சேர்ந்தார்.

விருந்து முடிந்து சாயங்காலம் அத்தாயி மகளோடு திரும்பினாள். படகில் அவள் கோகிலாவின் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வலது புருவத்துக்குள் ஒளிந்திருந்த மச்சம், வெயிலில் சுருங்கும் மூக்கு, வயிற்றில் குழந்தை உதைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வது, எல்லாமே அவளுக்குப் புதிதாக இருந்தன.

"என்னம்மா அப்படிப் பாக்கற?"

"பாக்கறேன் கண்ணு" என்றாள் அத்தாயி. "இத்தன நாளும் நீ எங்க இருந்தியோ."

பெண் குழந்தை பிறந்தது. தினகரன் படம் கடைக்குள் இட்லி அடுப்புக்கு எதிரே வந்து மாட்டிக்கொண்டது, அவனுக்கு முதல் ஈட்டு இட்லி, சட்னியில் ஒரு கல் உப்பு கூட. அன்றிலிருந்து அத்தாயிக்கு ஒரு பழக்கம் வந்தது. கடையில் யார் "வர்றேன்" என்றாலும், உள்ளூர்க்காரரோ வழிப்போக்கரோ, கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி, முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்பாள். அதனால் சில நாள் இட்லி கல்லாகிவிடும். நாங்கள் வாயைத் திறக்காமல் தின்றுவிடுவோம். அந்தப் பார்வைக்காகவே எங்காவது போகிற மாதிரி "வர்றேனுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினவர்களும் உண்டு.

ஐந்தாம் மாதம் கோகிலாவின் வீட்டுக்காரர் வந்து இருவரையும் அழைத்துப் போனார். பேத்திக்குக் கன்னத்தில் பொட்டு வைத்து, மகளிடம் கொடுத்து, "போயிட்டு வா கண்ணு" என்று கடைவாசலில் சொன்னவள், மனம் கேட்காமல் துறைக்கே போய்த் தண்ணீர் விளிம்பில் நின்றாள். படகு கிளம்பியது. கோகிலா மூக்குப் பக்கம் உட்கார்ந்து, மடியில் குழந்தையை நிறுத்தி, தண்ணீரில் மின்னுகிற எதையோ விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள், குழந்தை கைகொட்டிச் சிரித்தது, அவளும் சிரித்தாள். பாதி ஆறு போயிற்று, முக்கால் ஆறு போயிற்று. கோகிலா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் கடையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. "அத்தாயக்கா, குண்டான் அடிப்பிடிக்குதுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"புடிக்கட்டும்" என்றாள் அத்தாயி. மகளின் திரும்பாத அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, படகு அக்கரை சேர்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.